வொர்க்‌ஷாப் வாசலில் மட்டும் அணைந்துவிடும் விளக்கு

மூன்று மாதமாக இதே கதை. மழை பெய்த ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், வண்டியில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரியும். வொர்க்‌ஷாப் வாசலுக்குப் போனால் அணைந்துவிடும். "இப்ப ஒண்ணும் காட்டலையே சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். விளக்கு அணைந்தாலும் பழைய பிழைக் குறியீடு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்குமே, ஸ்கேனரை மாட்டிப் படிக்கக்கூடவா நேரமில்லை?

முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. அதில் என்ன குறை? அப்புறம் பின்சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் சென்சார். புதுசு போட்டு நாலாம் நாளே விளக்கு திரும்ப வந்தது.

கடைசியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் சென்சாரைத் தொடாமல், வயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டும்போதெல்லாம் ரீடிங் எகிறியது. சஸ்பென்ஷனோடு சேர்ந்து வளைகிற இடத்தில், உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. கனெக்டரின் உலோக ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கால் மணி நேர வேலை! அதைச் செய்யாமல் என் காசில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது என்ன நியாயம்? அந்த மூன்று மாதமும் ஏபிஎஸ் வேலை செய்யுமா என்று தெரியாமல், பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழையில் மலைப்பாதை இறங்கியது நான்.