லலாவுனிஸ் பற்றி விட்டுப்போன ஒன்று

கிரேக்க நகைக் கலைஞர் இலியாஸ் லலாவுனிஸைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், அவர் பரம்பரைப் பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை, அதனால்தான் ஜெயித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! மனிதர் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தது பொருளாதாரமும் சட்டமும். அப்புறம்தான் மாமாவின் ஸோலோடாஸ் நகைக்கடைக்கு வந்து, பட்டறையில் உட்கார்ந்து தொழிலைக் கற்றார். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் கிடந்த, கிரேக்க மண்ணின் மிகப் பழைய நாகரிகங்களான மினோவன், மைசீனிய காலத்து நகைகளைப் பார்த்து, இதை ஏன் இன்றைய பெண்கள் போடக்கூடாது என்று யோசித்ததுதான் அவருடைய சாமர்த்தியம். சும்மா அச்சு எடுத்து ஊற்றியிருந்தால் நினைவுப்பொருள் கடையோடு போயிருக்கும். அவர் பழைய கைவேலையையே திரும்பக் கொண்டுவந்தார். கடுகைவிடச் சின்னத் தங்க உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தகட்டில் பதிக்க வேண்டும், சூடு ஒரு நொடி கூடினாலும் எல்லாம் உருகி ஒன்றாகிவிடும். 22 காரட்டில் அதைச் செய்யும் பொறுமை யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்!

1990இல் பிரான்சின் நுண்கலை அகாதமி அவரை உறுப்பினராக்கியதைக் கட்டுரையில் காணோம். ஒரு நகைக்காரருக்கு அது சாதாரண விஷயமா? சரி, ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் இருந்த அவருடைய பழைய பட்டறைதான் இப்போது நகை அருங்காட்சியகம், அதையாவது சேர்த்திருக்கலாம்.