சிறுவயது நினைவு மட்டும்தான் காரணமா?
பழைய கிறிஸ்துமஸ் கார்ட்டூன்கள் சுமாரான தயாரிப்புகள், சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு மட்டுமே பிடிக்கும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்' என்ற கார்ட்டூன் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது 1965 டிசம்பரில். நான் அதை முதன்முதலில் பார்த்ததோ வேலைக்காக அமெரிக்கா வந்து குடியேறிய பிறகு, என் மகளோடு. எனக்கு அதில் பால்ய நினைவு என்று எதுவுமே கிடையாது, ஆனாலும் மனதில் ஒட்டிக்கொண்டது. முக்கியக் காரணம் அந்தக் குரல்கள். பெரியவர்களைக் குழந்தை மாதிரி பேசவைக்காமல் நிஜக் குழந்தைகளையே பேசவைத்தார்கள். சார்லியின் தங்கை சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது, வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துத்தான் பதிவு செய்தார்கள். அந்தத் தடுமாற்றம்தான் அழகு! பார்வையாளர்கள் சிரிப்பதுபோலப் பின்னணியில் சேர்க்கும் சிரிப்பொலி வேண்டாம் என்று சார்லி பிரவுனை உருவாக்கிய ஓவியர் ஷூல்ஸ் பிடிவாதமாக நின்றார், வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் இசையைச் சேர்த்தார்கள். இதெல்லாம் சிபிஎஸ் அதிகாரிகளுக்கே பிடிக்கவில்லை. அப்படியும் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, இவை யோசித்து எடுத்த முடிவுகள். அப்புறம், 1964இல் வந்த 'ருடால்ஃப்' என்ற கலைமான் கதைப் படத்தில் உருவங்கள் விட்டுவிட்டு அசைகின்றன என்று இன்னொரு வாசகர் குறையாக எழுதியிருக்கிறார். அது வரைந்த படமே இல்லை. ஜப்பானில் பொம்மைகளைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாக எடுத்தது. அந்த அசைவைக் குறையாக நினைக்காமல் இன்னொரு முறை பாருங்கள்.