அண்ணனுக்கு ஒரு கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கொஞ்ச நாளிலேயே பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "பத்திர ஆபீசுக்கு ஒரு நாள் வந்துட்டுப் போம்மா, கையெழுத்துதான்." மகளும் ஆதார் அட்டையோடு வருவாள். கேமரா முன் உட்கார்ந்து, விரல் ரேகை வைத்து, எழுத்தர் காட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவாள். அண்ணன் வாங்கித் தரும் புடவையோடு சாயங்கால பஸ்ஸில் புகுந்த வீடு திரும்புவாள். அவள் போட்டுக் கொடுத்தது விடுதலைப் பத்திரம். அப்பா சொத்தில் தனக்குள்ள பங்கு முழுவதையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பங்கு எவ்வளவு என்று அவளிடம் யாரும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே போட்டுப் பார்ப்போம். பூர்வீகச் சொத்து 6 ஏக்கர், அதாவது 600 சென்ட். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். பழைய இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் அப்பாவும் மகனும் ஆளுக்கு 300 என்று பிரிப்பார்கள். பிறகு அப்பாவின் 300-ஐ மூவரும் நூறு நூறாகப் பங்கிடுவார்கள். மகனுக்கு 400, மகளுக்கு 100, அம்மாவுக்கு 100. இன்றைய சட்டத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. அப்பா, மகன், மகள் மூவருக்கும் முதலில் 200 சென்ட் வீதம். அப்பாவின் 200 மறுபடி மூன்றாகப் பிரியும். ஆக மகனுக்கு 266 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், மகளுக்கும் அதே அளவு, அம்மாவுக்கு 66 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்தாக இருந்தால் கணக்கு இன்னும் சுலபம், மூவருக்கும் சமம். இந்தச் சமம் 1956-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. எழுபது வருஷமாகியும் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை என்பதுதான் வேதனை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாடு அதைப் பூர்வீகச் சொத்துக்கும் சட்டமாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்றது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினை, விற்பனை போன்றவற்றைத்தான் கிளற முடியாது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் அந்தக் கையெழுத்து விழுந்துகொண்டே இருக்கிறது. மிரட்டி வாங்குகிறவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் மிரட்டலே தேவைப்படுவதில்லை. கூடப்பிறந்தவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. பங்கு கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைந்துபோகும். பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைப்பது? நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் யார் வந்து கேட்பது? தாய்மாமன் சீர், தீபாவளிச் சீர், பொங்கல் சீர் எல்லாம் அந்த வாசல் திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த அடையாளத்துக்காக 266 சென்ட்டைக் கொடுத்துவிடுகிறாள். அவள் ஏமாளி இல்லை. புகுந்த வீட்டில் தன் பெயரில் ஒன்றுமில்லாத ஒருத்திக்குப் பிறந்த வீட்டு வாசல்தான் காப்பீடு. அதற்குச் செலுத்தும் தவணை அவளுடைய பங்கு.

இதை இலக்கியத்தில் தேடினால் மனசு கனத்துப்போகும். புறநானூறு 312-ஆம் பாட்டில் பொன்முடியார் ஐந்து பேருடைய கடமையைச் சொல்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு, களிறு எறிந்து மீள்வது காளைக்கு. கொல்லனுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது, மகளுக்கு இல்லை. போர்ச் சூழலில் பிறந்த பாட்டு, அதில் மகளைத் தேடக் கூடாது என்பார்கள். சரி, சிலம்புக்கு வருவோம். குலம் தந்த பெருஞ்செல்வத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் கோவலன், இந்த வறுமை தனக்கு வெட்கம் தருகிறது என்கிறான். கண்ணகி முகத்தில் சிரிப்போடு "சிலம்புள கொண்ம்" என்கிறாள். இன்னும் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இளங்கோ அந்தச் சிரிப்பை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார். கொடுக்கிறவள் சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் நாம் அந்தக் காப்பியத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். பத்திரத்தில் வரும் "முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி" என்ற வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 1707-ல் டச்சுக்காரர் தொகுத்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தில் சீதனமாக மகளுக்கே வீடும் காணியும் போகும். ஆனால் சீதனம் வாங்கியவளுக்குப் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கில்லை, தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூல சம்மதமும் வேண்டும். பெயர் அவளுடையது, பேனா அவனுடையது.

"வயசான காலத்தில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கிட்டது நான்தானே" என்று அண்ணன்மார் கேட்பதை நான் தள்ளிவிட மாட்டேன். மருத்துவச் செலவு, தங்கை கல்யாணக் கடன் எல்லாம் மகன் தலையில்தான் விழுகிறது, அந்தப் பாத்திரமும் அவன் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, ராத்திரி விழித்திருந்தது யார்? மருமகள். மாமனார் சொத்தில் அவளுக்கென்று பங்கு கிடையாது. தன் பிறந்த வீட்டில் அவளும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பாள். பார்த்துக்கொண்டதற்குத்தான் சொத்து என்றால் அவள் பெயர் எந்தப் பத்திரத்திலாவது வந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போட்ட நகையும் செய்த செலவும் பங்கில் கழிந்துவிட்டது என்று சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து போடுங்கள். முதலில் வாரிசுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டுச் சான்று வாங்குவது இன்றும் நடக்கிறது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். சொத்து பூர்வீகமா, அப்பா வாங்கியதா என்பது மூலப்பத்திரத்தில் தெரியும். அடுத்தது சொத்து விவரம். வீட்டுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் விளைநிலத்தின் சர்வே எண்ணையும் சேர்த்திருப்பார்கள். சர்வே எண், சென்ட் அளவு, செக்குபந்தி என்ற நான்கு பக்க எல்லை ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தொகை எழுதியிருந்து கைக்கு வராமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், பின்னால் அதை மறுப்பது மிகக் கடினம். பணம் வங்கி வழியாக வரட்டும், அந்த விவரம் பத்திரத்திலேயே ஏறட்டும். மோசடி என்று தெரிந்தால் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். அண்ணன் உறவும் வேண்டும், நிலமும் வேண்டும் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு உங்கள் பங்கை உங்கள் பெயரில் பதிந்துகொண்டு, உழுவதற்கு அண்ணனிடமே விடலாம்.

அம்மாவின் அந்த 66 சென்ட்டை யாரும் பேசுவதே இல்லை. அது அவருக்கு முழு உரிமையான சொத்து, விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் மகள் விடுதலைப் பத்திரம் போடும் அதே நாளில், அதே மேஜையில், அம்மாவும் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதித்தான் கொடுக்கப் போகிறார் என்றால், அவருக்கு அறுபது வயது ஆகியிருந்தால், "என் ஆயுள் முழுவதும் என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்" என்ற வரியைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு மகன் கைவிட்டால் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எழுத்தர் "எதுக்கும்மா, பெத்த பிள்ளைதானே" என்பார். அப்போதும் அந்த வரியை எழுதச் சொல்லுங்கள்.