டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

"சின்ன நிறுவனங்களை ஹேக்கர்கள் குறிவைப்பதில்லை" என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. ஏற்க முடியவில்லை. 2017 மே மாதம் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை புரோகிராம் யாரையும் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டை இருந்த கம்ப்யூட்டர்களுக்குள் தானாகவே நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை எடை, பட்டுவாடா எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். போன வருஷம் ஒருநாள் காலையில் எந்த ஃபைலும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருந்தோம், அதுவும் போயிற்று. பழைய எடைச் சீட்டுகளை வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து கணக்கை மறுபடி எழுதினோம். அதுவரை இலை போட்டவர்களுக்குப் பணம் போகவில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

இப்போது இரண்டு டிஸ்க். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம். மாதம் ஒருமுறை அதிலிருந்து சில ஃபைல்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022லேயே உத்தரவு இருக்கிறது; அன்று எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர்களுடைய முகவரியையும் போன் நம்பரையும் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், கம்ப்யூட்டர் முடங்கிய பிறகு எங்கே போய்த் தேடுவது?