சண்டை இல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்கள்

போன மாதம் ரொறன்ரோவில் ஒரு கலியாண வீடு. நீலத் தொப்பி போட்ட மச்சான் ஒருவர், "உங்கட மொன்றியல் ஆக்களுக்கு பேஸ்போல் விருப்பமில்லை, சனம் வரேல்லை, அதுதான் எக்ஸ்போஸைத் தூக்கிக்கொண்டு போனவங்கள்" என்றார். கலியாண வீடு என்பதால் சிரித்துவிட்டு வந்தேன். இங்கே சிரிக்கத் தேவையில்லை.

எக்ஸ்போஸ் 1969இல் தொடங்கிய மொன்றியல் பேஸ்போல் அணி. பேஸ்போலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் அமெரிக்காவுக்கு வெளியே இருந்த முதல் அணி. ரொறன்ரோவுக்கு அணி கிடைத்தது 1977இல்தான், மச்சான். 1994 ஓகஸ்ட்டில் எங்கள் கணக்கு 74 வெற்றி, 40 தோல்வி. லீக்கிலேயே அதைவிட நல்ல கணக்கு யாரிடமும் இல்லை. 12ஆம் தேதி வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, செப்டம்பரில் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப் போட்டியையே ரத்துச் செய்தார்கள். சரி, அது எல்லோருக்கும் நடந்தது என்று வையுங்கள். ஆனால் 1995இல் ஆட்டம் தொடங்குமுன் சில நாட்களுக்குள் எங்கள் முன்னணி வீரர்கள் கென் ஹில், வெட்லண்ட், கிரிஸம் மூவரையும் வேறு அணிகளுக்குக் கைமாற்றிவிட்டு, லாரி வாக்கரையும் போகவிட்டார்களே, அது எங்களுக்கு மட்டும் நடந்தது. சட்டியில் இருந்த இறைச்சியை எல்லாம் அள்ளி விற்றுவிட்டு, வெறும் குழம்புக்கு ஆள் வரவில்லை என்று கடைக்காரன் குறைப்படலாமா? கடைசி இரண்டு வருடமும் சீசனுக்கு இருபதுக்கு மேற்பட்ட சொந்த மண் ஆட்டங்களை போர்ட்டோ ரிக்கோவில் கொண்டுபோய் வைத்தார்கள். சனம் வரவில்லையாம்!

எங்கள் வீட்டில் இந்தப் பைத்தியம் தொடங்கியது ஒரு சமையலறையில். நாங்கள் 1988இல் வந்தோம், எனக்கு எட்டு வயது. அப்பா ஊரில் அரசாங்க உத்தியோகம், இங்கே இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே ஒரு ரேடியோ எந்நேரமும் ஓடும், அதில் ழாக் டூசேயின் பிரெஞ்சு வர்ணனை. அப்பாவுக்குப் பிரெஞ்சு பாதி வகுப்பில் வந்தது, மீதி அந்த மனிசன் படிப்பித்தது. அதனால் பந்தை வேலிக்கு வெளியே அடித்தால் அவர் ஒருநாளும் ஹோம் ரன் என்று சொன்னதில்லை, 'சிர்க்குயி' என்பார். அவுட்டுக்கு 'ரெத்ரே'. யாருக்காவது வேலை போனால் கூட "அவன் ரெத்ரே" என்றுதான் வீட்டில் செய்தி வரும்.

முதலில் அவருக்கு இந்த விளையாட்டைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். "அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறான், விசரன்" என்பார். அப்புறம் அந்த விசரனுக்காகவே லீவு எடுக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் பார்க்க மெற்றோ எடுத்து, ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் பி-நெஃப் ஸ்டேஷனில் இறங்குவோம். அம்மா ஈயத்தாளில் சுற்றிய ஆட்டிறைச்சி ரோல்ஸும் ஃபிளாஸ்க்கில் பிளேன்ரீயும் கொண்டுவருவா. அம்மா ஆட்டம் பார்த்ததில்லை. 1991இல் அந்த ஸ்டேடியத்தின் வெளிப்புறத்தில் 55 தொன் கொங்கிறீட் துண்டு ஒன்று விழுந்தது (நல்ல காலம், யாருக்கும் காயமில்லை), அதற்குப் பிறகு அவ ஒன்பது இன்னிங்ஸும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பா. தம்பிக்கு யூப்பி என்ற, அணியின் சின்னமாக வரும் அந்த செம்மஞ்சள் சடைப் பொம்மையைக் கண்டால் அழுகை. அப்பாவும் நானும் கதிரை அடிப்போம். மொன்றியலில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்து வெறும் மஞ்சள் கதிரையின் இருக்கையைத் தூக்கித் தூக்கி படபடவென்று அடிக்கிறது. பத்தாயிரம் பேர் இருந்தாலும் முப்பதாயிரம் பேரின் சத்தம் கேட்கும். வீட்டில் ஒரு கதவைச் சாத்திச் சத்தம் போட்டால் அடி விழும், இங்கே அவரே அடிக்கச் சொல்வார். எனக்கு அதுதான் பேஸ்போல்.

2004 செப்டம்பர் 29, கடைசி ஆட்டம். 31,000 பேருக்கு மேல் வந்திருந்தோம். சனம் வரேல்லையாம், மச்சான்! புளோரிடாவிடம் 9-1 தோல்வி. பக்கத்தில் பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள். அப்பா அழவில்லை, ஆனால் மெற்றோவில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "சண்டையும் இல்லை, ஷெல்லும் அடிக்கேல்லை, பேந்தேன் போறாங்கள்?" அணியை வோஷிங்டனுக்கு மாற்றுகிறார்கள், அங்கே பெரிய சந்தை, ஸ்டேடியம் கட்டித் தருகிறார்களாம் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. ஊரைவிட்டு வெளிக்கிட ஒரு காரணம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு அளவு இருந்தது.

2019இல் அந்த வோஷிங்டன் அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது சிலர் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

அதற்கு முந்தின வருடம், 2018 மார்ச் 27, அப்பாவை ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குக் கடைசியாகக் கூட்டிப்போனேன். ரொறன்ரோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் ஒரு காட்சி ஆட்டம். அவருக்கு முழங்கால் நோ, கண்ணும் மங்கல், "ரொறன்ரோக்காரனைப் பார்க்கவோ இவ்வளவு தூரம்" என்று முணுமுணுப்பு வேறு. ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் பூச்சியம். 19 வயதுப் பெடியன் ஒருவன் மட்டையோடு வந்தான்.

"இது ஆர்ர பெடியன்?"

"எக்ஸ்போஸில விளையாடின எங்கட விளாடிமிர் கெரேரோவின்ர மகன், அப்பா. இஞ்சதான், மொன்றியலில பிறந்தவன்."

பந்து வேலிக்கு அப்பால் போனது, ஆட்டமும் அதோடு முடிந்தது. போட்டிருந்தது ரொறன்ரோச் சட்டை. ஆனால் அப்பா பக்கத்தில் இருந்த கதிரையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார். வெளியே போகச் சொல்லும் வரைக்கும் அடித்தார்.