போகிறவன் துரோகி என்றால், வருகிறவன் யார்?

ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) ஃபைனலுக்குப் பிறகு அந்த வீடியோ எந்தெந்த குரூப்பில் எல்லாம் சுற்றியது என்று பந்தலூர், கூடலூர் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை நான் இங்கே மறுபடி போடப் போவதில்லை. நம் டீமை விட்டு எதிர் டீமுக்குப் போய், ஃபைனலில் நமக்கு எதிராகவே கோல் போட்ட ஒரு பையனின் பழைய ஜெர்சியைக் கம்பில் மாட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, சுற்றி நின்று "துரோகி, துரோகி" என்று கத்துகிறார்கள். கத்துகிறவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சிலருக்குப் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒரு தம்பி குரூப்பில் எழுதியிருந்தான்: "ட்ரென்ட்டுக்கு லிவர்பூல் ஃபேன்ஸ் செஞ்சதைத்தான் நாங்களும் செஞ்சோம், இதுதான் உண்மையான ஃபேன்." ட்ரென்ட் என்றால் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பை விட்டுப் போன ஆட்டக்காரர். தம்பி எழுதியதற்குக் கீழே வரிசையாக நெருப்பு எமோஜி. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆட்டக்காரன் ஒரு டீமை விட்டு இன்னொரு டீமுக்குப் போவது துரோகம் இல்லை. அவன் பிழைப்பு அது. அவன் கால், அவன் முட்டி, அவன் வயசு. எங்கே ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவனுடையது.

சரி, ட்ரென்ட் என்று ஆரம்பித்தீர்கள், அதையே பேசுவோம். ட்ரென்ட் அலெக்சாண்டர் ஆர்னால்ட் லிவர்பூலிலேயே பிறந்து, ஆறு வயதில் அந்த கிளப்பின் அகாடமிக்குள் போனவர். 2019இல் பார்சிலோனாவை 4-0 என்று கவிழ்த்த அந்த ராத்திரி, கார்னர் எடுக்காமல் நடந்து போகிற மாதிரி போய், சட்டென்று திரும்பி அடித்தாரே, ஒரிகி கோல் போட்டாரே, அப்போது அவருக்கு இருபது வயது. அந்த கிளிப்பை இன்றைக்கும் ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள்தான் நீங்கள். சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார், இரண்டு முறை லீக் வாங்கிக் கொடுத்தார். 2025இல் காண்ட்ராக்ட் முடிகிறது, நான் கிளப்பை விட்டுப் போகிறேன் என்றார்; போகப்போவது ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த மேட்சிலேயே லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சொந்த ரசிகர்களே எதிர்த்துக் கூவினார்கள். லீக் ஜெயித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நவம்பரில் மாட்ரிட் டீமோடு திரும்பி வந்தபோதும் கூவினார்கள்.

இப்போது இதைக் கேளுங்கள். அதே கோடையில் லிவர்பூல் யாரை வாங்கியது? அலெக்சாண்டர் ஈசாக்கை. 12.5 கோடி பவுண்டுக்கு, நியூகாசில் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்பிடமிருந்து. அந்த ஈசாக்தான் அதே ஆண்டு மார்ச்சில் வெம்ப்ளியில் லிவர்பூலுக்கு எதிராகவே கோல் போட்டு நியூகாசிலுக்கு லீக் கப் வாங்கிக் கொடுத்தவர். 1955க்குப் பிறகு அந்த ஊருக்கு உள்நாட்டில் கிடைத்த முதல் பெரிய கோப்பை. எழுபது வருஷம் காத்திருந்த ஊர் அது. சில மாதம் கழித்து, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லி, சீசன் தொடங்கியும் நியூகாசிலுக்கு ஆடாமல் உட்கார்ந்தார். அப்போது இங்கே யார் "துரோகி" என்றீர்கள்? "வெல்கம் கிங்" என்று போஸ்டர் போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டியை உரசிய அதே தம்பியின் சோஷியல் மீடியா பக்கத்தில் அந்த போஸ்டர் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். உங்களிடமிருந்து போனால் துரோகி, உங்களிடம் வந்தால் ராஜா. இதில் எங்கே இருக்கிறது நியாயம்? ட்ரென்ட் காண்ட்ராக்ட் முடியும் வரை ஆடிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஒரு மாதம் முன்னதாக விடுவதற்கு மாட்ரிட் பணமும் கொடுத்தது.

கிளப் ஆட்டக்காரனை அனுப்பும்போது யாரும் கிளப்பைத் துரோகி என்று சொல்வதில்லை, அதையும் கவனியுங்கள். ஒன்பது வயதில் ரியல் மாட்ரிட்டுக்குள் போனவர் கோல்கீப்பர் கசியஸ். ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன். 2015இல் அவர் போன நாளில், தனியாக ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்துப் படிக்க முடியாமல் அழுதார். பக்கத்தில் கிளப்பிலிருந்து ஒரு ஆள் இல்லை.

பாஸ்மன் என்ற பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ழான் மார்க் பாஸ்மன், பெல்ஜியத்துக்காரர். 1990இல் காண்ட்ராக்ட் முடிந்தது. கிளப் சம்பளத்தை வெட்டியது. பிரான்ஸில் டன்கர்க் டீம் கூப்பிட்டது, போகிறேன் என்றார். பணம் வராமல் விடமாட்டோம் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். காண்ட்ராக்டே இல்லாத ஆளை! அன்றைக்கு அதுதான் சட்டம். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கு காண்ட்ராக்ட் முடிந்த ஆட்டக்காரன் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று இருப்பது அந்த ஒரு மனிதர் தன் ஆட்ட வாழ்க்கையையே தொலைத்து வாங்கிக் கொடுத்தது. கோடி கோடியாகச் சம்பாதித்தது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். அவர் கடைசியில் கஷ்டத்தில்தான் கிடந்தார்.

"அண்ணே, ஐரோப்பாவை எல்லாம் பந்தலூருக்கு இழுக்காதீங்க" என்று ஒருவர் இன்பாக்ஸில் சொன்னார். முதலில் இழுத்தது நீங்கள். ஆனாலும் சரி, நம் ஊருக்கே வருவோம்.

அங்கே காண்ட்ராக்ட் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், காயம்பட்டாலும் சம்பளம் வருகிறது. நம் செவன்ஸில் என்ன இருக்கிறது? இந்தியக் கால்பந்து சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிப்பதே இல்லை. ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று வாய்வார்த்தை, அவ்வளவுதான். இந்தப் பையனுக்கு அந்த வாய்வார்த்தைகூட நம் டீமில் கிடையாது. "நம்ம பையன்தானே" என்று பிரியாணியும் பஸ் காசும் கொடுத்து ஆட வைத்தோம். வெளியிலிருந்து வந்த கெஸ்ட் ப்ளேயருக்கு மட்டும் மேட்ச் முடிந்ததும் கவர் போகும். இது பொய் என்று டீம் கமிட்டியில் யாராவது சொல்லட்டும்.

இரண்டு சீசனுக்கு முன்னால் செமிஃபைனலில் அவன் முட்டி திரும்பியது. அப்போது நான் லைனில்தான் நின்றிருந்தேன். விழுந்தவன் எழுந்து ஒற்றைக் காலில் நின்று, ஆடுகிறேன் அண்ணே என்று சொன்னான். ஜவ்வு கிழிந்திருந்தது. கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன், ஆபரேஷன். அவன் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அன்றைக்கு கிரவுண்டில் துண்டு ஏந்தி வசூலித்த பணம் ஸ்கேனுக்கே காணவில்லை. கம்மலை அடகு வைத்தார் அந்த அம்மா. ஆபரேஷன் முடிந்து அவனைப் பாடிக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) பார்க்கப் போயிருந்தேன். அடுப்புக்கு மேலே கட்டியிருந்த பலகையில் அவனுடைய பூட்ஸ் இருந்தது, உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார்கள். நம் ஊர் மழையில் போடாமல் வைத்த பூட்ஸ் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அந்த அம்மா அடுப்புச் சூட்டிலேயே காயவைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மகன் மறுபடி ஆடுவான் என்று நம்பினவர் அவர் ஒருவர்தான். கமிட்டியிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த சீசனுக்கு அவனைக் கூப்பிடவும் இல்லை. "முட்டி போன ஆள்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டது அவன் காதுக்கும் போனது.

கேரளாவின் நிலம்பூர் பக்கத்திலிருந்து ஒரு டீம் அவனை வந்து பார்த்தது. மேட்சுக்கு இவ்வளவு என்று பேசியது, பிஸியோவிடம் கூட்டிப் போனது. அவன் போனான். நாடுகாணி மலை இறங்கிப் போனது உங்களுக்குத் துரோகமா? அப்படியானால் நாம் அவனுக்குச் செய்தது என்ன?

"போகட்டும், யார் வேண்டாம் என்றது, அந்த டீமுக்கா போக வேண்டும்? நம்மோடு வருஷா வருஷம் முட்டுகிற டீமுக்கு?" இது நிறையப் பேர் கேட்பது. இதில் இருக்கிற வலி எனக்கும் புரிகிறது, நானும் அந்த டீமிடம் தோற்றுவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவன். பார்சிலோனாவிலிருந்து ஃபீகோ என்ற ஆட்டக்காரர் 2000இல் அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோதும் இதே கோபம்தான். 2002இல் பார்சிலோனாவில் அவர் கார்னர் எடுக்கப் போன இடத்தில் பன்றித் தலையை எறிந்தார்கள். அதை இன்றைக்கு உலகமே அசிங்கமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது, வீரமாக இல்லை. அதோடு, கூப்பிட்டது அந்த ஒரு டீம்தான். வேறு நாலு டீம் வாசலில் நின்றிருந்து இவன் எதிரியைத் தேடிப் போயிருந்தால் உங்கள் கேள்வியில் அர்த்தம் உண்டு.

"சின்ன வயசிலிருந்து வளர்த்த டீம்" என்கிறார்கள். வளர்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை. வளர்த்ததற்கு எட்டு வருஷம் ஆடிக் கொடுத்தானே, மூன்று கோப்பை ரூமில் இருக்கிறதே, அது எந்தக் கணக்கு? "பணத்துக்காகப் போனான்" என்கிறார்கள். ஆமாம், பணத்துக்காகத்தான் போனான். அந்தக் கம்மல் இன்னும் திரும்பவில்லை. "உணர்ச்சி இல்லாமல் என்ன ஃபுட்பால்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பெட்ரோல் ஊற்றுவது உணர்ச்சி இல்லை.

ஒருவர் மட்டும், நான் அவனுக்குச் சொந்தக்காரன் என்பதால் பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறார். சொந்தம் இல்லை. இருந்தாலும்தான் என்ன?

அவன் கோல் போட்ட பிறகு என்ன செய்தான் என்று கேலரியில் இருந்த எல்லோரும் பார்த்தோம். வலது பக்கம் பந்தை எடுத்தான். நம் ஸ்டாப்பரை, அதாவது தடுப்பாட்டக்காரனை, தோளை ஒரு ஆட்டு ஆட்டிக் கடந்தான். ஆபரேஷன் செய்த காலை ஊன்றி, இடது காலால் அடித்தான். பனி இறங்க ஆரம்பித்த நேரம், எதிர்ப்பக்க லைட்டே புகை மாதிரி தெரிந்தது. அவன் டீம் பையன்கள் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கையை நம் பக்கம் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்தான். கொண்டாடவில்லை. பழைய டீமுக்கு எதிராக கோல் போட்டால் மரியாதை தெரிந்த ஆட்டக்காரர்கள் செய்வது அது. அதை டிவியில் பார்த்து "க்ளாஸ்" என்று எழுதுகிறவர்கள் நீங்கள்தான். நேரில் நம் பையன் செய்தபோது முதல் தண்ணீர் பாட்டில் பறந்தது.

நாட்டு டீம் விஷயத்திலும் இப்படித்தான். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அந்தக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியாவுக்கு ஆடினார், கைதட்டினோம். ஆஸ்திரேலியாவில் பிறந்து அந்த நாட்டுக்கே ஒரு மேட்ச் ஆடிய ரையன் வில்லியம்ஸ் 2025இல் அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தியர் ஆனார், "நம்ம ஆள்" என்று கொண்டாடினோம். நானும் கொண்டாடினேன். ஒரு மனிதன் நாட்டையே மாற்றிக்கொண்டு நம்மிடம் வந்தால் பெருமை. இந்தப் பையன் ஒரு மலையை இறங்கிப் போய் ஆடினால் மட்டும் தீ.

இதை எழுதும்போது எனக்கு வேறு என்னென்னவோ வருகிறது. எங்கள் தாத்தா திருச்சிப் பக்கமிருந்து இலங்கையில் கண்டித் தோட்டத்துக்குப் போனவர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மனிதர்களைத்தான் இப்படி எண்ணிப் பிரித்தார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று எங்கள் குடும்பத்தின் மனசை யாரும் கேட்கவில்லை. அப்பா சின்னப் பையனாகக் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, இந்த மலைக்கு வந்தார். அங்கே இருந்தவரை கள்ளத்தோணி என்றார்கள், இங்கே வந்தபிறகு சிலோன்காரன் என்றார்கள். இந்தப் பக்கம் தோட்டத்துப் பாடிகளில் இருக்கிற எத்தனையோ வீட்டுக்கு இதுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீயைச் சுற்றி நின்ற பையன்களில் பலரின் வீட்டுக்கும் இதுதான் கதை. நமக்குத் தெரியாதா, இடம் மாறினவனைப் பார்த்து நீ எங்கள் ஆள் இல்லை என்று சொன்னால் அது எப்படி இருக்கும் என்று?

இப்போது பாடியில் எத்தனை வீட்டுக்குப் பூட்டு தொங்குகிறது? எல்லோரும் எங்கே? திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர். என் தம்பி நம் டீமின் கோல்கீப்பராக இருந்தவன். சீசன் நடுவில் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினான். டீமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்பியது. யாரும் அவன் ஜெர்சியைக் கொளுத்தவில்லை. பிழைக்கப் போகிறான், நன்றாக இருக்கட்டும் என்றார்கள். இந்தப் பையனும் பிழைக்கத்தான் போனான். தையல் மிஷின் முன்னால் உட்காராமல் பந்தோடு போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கமிட்டியிடம் ஒன்று கேட்கிறேன், பகிரங்கமாகவே கேட்கிறேன். இந்த சீசன் டிக்கெட் வசூலில் காயம்பட்ட பையன்களுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைப்பீர்களா? ஆடுகிற உள்ளூர்ப் பையனுக்கு மேட்சுக்கு எவ்வளவு என்று ஒரு தாளிலாவது எழுதிக் கொடுப்பீர்களா? அதைச் செய்யாமல், இன்னொருத்தன் போகும்போது துரோகி என்று கத்த யாருக்கும் உரிமை இல்லை.

கமெண்டில் என்னைத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் நீக்கிவிடுவேன், அது யாராக இருந்தாலும் சரி.