608 பேரிங்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். நாலு பையன்கள், ஒரு ஸ்கேட்போர்டு (அடியில் நாலு சக்கரம் மாட்டிய பலகை), பூட்டிக் கிடக்கிற கல்யாண மண்டபத்தின் முன்னால் சிமெண்டுத் தரை. கீழே ஒரு வரி: "இதுங்களுக்கு வீட்ல கேக்கறதுக்கு ஆளே இல்லையா?" அதற்குப் பதினேழு கட்டைவிரல்கள். அங்கே பதில் எழுதினால் தெருச்சண்டை ஆகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த நாலு பேரில் ஒருத்தனை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்னால் ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். "அங்கிள், உள்ள இருக்கற பேரிங் போயிடுச்சு. நம்ம ஊர்ல கிடைக்குமா?" வாங்கிப் பார்த்தால் 608. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, கனம் 7. சின்ன மோட்டார்களில் போடுகிற சாதா பேரிங். கொஞ்ச வருடம் முன்னால் பிள்ளைகள் எல்லாம் விரலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்களே, அந்த ஸ்பின்னருக்குள் இருந்ததும் இதுதான். பேரிங் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன். சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு. அன்றையிலிருந்து நான் அவர்கள் கட்சி. 'அங்கிள்' என்றதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

பேரிங் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். லாரி ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சித் தேய்ந்த பேரிங்கை வாங்கி, பலகைக்கு அடியில் பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று மாட்டி, கயிறு கட்டித் திருப்பி, இறக்கத்தில் விடுவோம். கரகரவென்று தெருவே அதிரும். மத்தியானத் தூக்கம் கெட்டு யார் யார் எங்களைத் திட்டினார்கள் என்பது வீடியோ போட்டவருக்கு நன்றாகவே தெரியும். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவர்தான்.

கலிபோர்னியாவிலும் ஸ்கேட்போர்டின் கதை கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்கியது. பழம் வருகிற மரப்பெட்டியை ஒரு கட்டையில் ஆணியடித்து, அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரம் மாட்டி ஓட்டிய பிள்ளைகள், ஒரு நாள் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கட்டை மேல் நின்றார்கள். 1950களில், அலை இல்லாத நாளில் பொழுது போகாத அலைச்சறுக்கு ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கரம் அப்போது இரும்பு, அப்புறம் களிமண் கலவை. சின்னக் கல் தடுக்கினால் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் போவான். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக்கில் சக்கரம் கொண்டுவந்த பிறகுதான் அது தரையைப் பிடித்து ஓடியது. 1976இல் அங்கே கடும் வறட்சி. பணக்கார வீடுகளில் காய்ந்து கிடந்த நீச்சல்குளங்களுக்குள் பையன்கள் சுவரேறிக் குதித்து ஓட்டினார்கள். வறண்ட ஏரிக்குள் கிரிக்கெட் ஆடிய தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குழுவில் புகார் வருகிற அந்த 'டக்' சத்தம் ஆலி என்ற வித்தையினுடையது. கையால் தொடாமல் பலகையோடு எகிறுவது. பின்காலால் வால் பக்கத்தைத் தரையில் அடிக்க வேண்டும், மூக்கு நிமிரும். அந்த நொடியிலேயே முன்காலை மேலே தேய்த்து இழுக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு ஷூவைப் பிடித்துக்கொள்ள, பலகையும் கூடவே எழும்பும். சமதரையில் இதைச் செய்துகாட்டியவர் ராட்னி முல்லன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், 1982இல். பேரிங் கேட்டு வந்த பையன் இதை எத்தனை தடவை முயல்கிறான் என்று மண்டபப் படியில் உட்கார்ந்து ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நாற்பத்தொன்றும் விழுந்ததுதான். அவனிடம் யாரும் செய் என்று சொல்லவில்லை, மார்க் இல்லை, விசில் ஊதுகிற சார் இல்லை. வீட்டில் கணக்கு நோட்டை மூன்றாம் தடவை எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற பையன் இவன்.

அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணா, இதுல சர்டிபிகேட் ஏதாச்சும் தருவாங்களா? ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அவசரத்தில், டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்கள், 13 வயசுப் பெண் மொமிஜி நிஷியா தங்கம் வாங்கினாள் என்று சொல்லிவைத்தேன். அம்மா முகம் தெளிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு என் மேலேயே எரிச்சல். இப்படித்தானே கராத்தே, சிலம்பம், யோகா எல்லாவற்றையும் மெடலாகவும் ஃபிளெக்ஸ் பேனராகவும் ஆக்கினோம்?

அதே ஒலிம்பிக்கில் நடந்த வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் பெண்கள் பார்க் பிரிவு (கிண்ணம் போலக் குழிந்த தளத்தில் ஓட்டுவது) இறுதிச் சுற்று. மிசுகு ஒகமோட்டோ, 15 வயசு, ஜெயிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்த பெண். கடைசி ஓட்டத்தில் விழுந்தாள், நாலாவது இடம். அழுதுகொண்டு வெளியே வந்தவளை, எதிர்த்துப் போட்டியிட்ட பெண்களே தோளில் தூக்கிக்கொண்டார்கள். கேமராவுக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்து முன்னாலும் அதேதான் நடக்கிறது. ஒருத்தன் ஆலி போட்டுவிட்டால் மற்ற மூன்று பேரும் தரையைத் தட்டிக் கத்துகிறார்கள். பலகை ஒன்றே ஒன்று, முறை வைத்து ஓட்டுகிறார்கள். இதுதான் நமக்கு ரௌடித்தனமாகத் தெரிகிறது.

எனக்கு உறுத்துகிற இன்னொரு விஷயம் கல். நான் கிரானைட் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறிப் போவது நமக்குப் பெருமை. இந்த ஆட்டக்காரர்களுக்கோ வழவழப்பான கல் விளிம்பு என்றால் உயிர். மெழுகு தேய்த்து அதன் மேல் பலகையைச் சறுக்கவிடுவார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் லவ் பார்க் இப்படித்தான் கிரானைட் திட்டுகளால் உலகப் புகழ் பெற்றது. நகராட்சி தடை போட்டது. அந்த இடத்துக்கு முதலில் யோசனை கொடுத்த எட்மண்ட் பேகன் 2002இல், தன் 92ஆம் வயதில், தலைக்கவசம் மாட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, தடையை மீறி அங்கே ஸ்கேட்போர்டு ஓட்டிக் காட்டினார். பின்னால் பூங்காவை மாற்றிக் கட்டியபோது எடுத்த கல்லில் ஒரு பகுதி ஸ்வீடனில் மால்மோ நகரத்துப் பிள்ளைகள் சறுக்குவதற்குப் போனது. கல்லுக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள்.

ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. சர்வீஸ் ரோட்டில் ஒருத்தன் ஓட்டியதைப் பார்த்து நானே அறைகிற மாதிரி போய்விட்டேன். லாரி போகிற பாதையில் இது கூடாது, தலைக்கவசம் கட்டாயம். அதற்காகத்தான் ஓரிடம் வேண்டும் என்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் பன்னா பக்கம் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015இல் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் அம்மா ஸ்கேட் பார்க் கட்டினார். விதி இரண்டுதான்: பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதலில். கிராமத்தால் முடிந்தது மாவட்டத் தலைநகரத்தால் முடியாதா?

பெரிய பார்க்கெல்லாம் நான் கேட்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் மூலை உடைந்த ஸ்லாப் இரண்டு கிடக்கிறது, ஏற்றுமதிக்கு ஆகாது. முதலாளியிடம் கேட்டேன். "எடுத்துக்கப்பா, எங்க கொண்டுபோய்ப் போடுவ?" என்றார். கிருஷ்ணகிரி நண்பர்கள் யாரிடமாவது ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவுக்குச் சிமெண்டுத் தளம் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சீசன் முடிந்த மாங்காய் மண்டியாக இருந்தாலும் சரி, கூட்டிக் கழுவிக் கொள்கிறோம்.